கதவுக்கு மேலே நீலம்

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பக்கம் அம்மா, பாயில், கதவைப் பார்த்தபடி.

அம்மாவின் முதுகைப் பார்த்தபடி நான்.

இருபது நாளாக இப்படித்தான்.

அவள் என் தங்கை மிதுனா. பதினோரு வயது. ரத்தப் புற்றுக்கு மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி, வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு சாதாரணச் சளிகூட அவளுக்கு ஆகாது.

அதனால் எங்கள் அறை, அவள் அறை ஆனது.

அப்பா ஆள் கூட்டிவந்து உள்கூரையை ஒட்டி அந்த விளக்கைப் பொருத்தினார். புற ஊதா விளக்கு. காற்றில் இருக்கும் கிருமியைக் கொல்லும். அதன் ஒளி கீழே விழாது. தகடுகளுக்கு நடுவே கசிந்து மேலேயே நிற்கும். ஃபேன் காற்றைச் சுழற்றிச் சுழற்றி அதனிடம் அனுப்பும்.

"ஏணி போட்டு எட்டிப் பாத்துராத பாப்பா. கண்ணு எரிஞ்சுபோயிரும்," என்றார் பொருத்த வந்தவர். சுவிட்சை அறைக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார்.

முதல் நாள், கதவிடுக்கு வழியாக மிதுனா கேட்டாள்.

"அக்கா, கிருமி சாகறப்ப கத்துமா?"

"கத்தும். உன்ன மாதிரியே."

அவள் சிரித்தாள். அம்மா ஓடி வந்தாள்.

"சிரிக்க வைக்காதடி. அவளுக்கு மூச்சு வாங்கும்."

அதற்குப் பிறகு நான் கதவிடுக்கு வழியாக அவளோடு பேசவில்லை.

அம்மா தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே போவாள். மிதுனாவின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருப்பாள். மணிக்கணக்காக.

என் சடையை நானே பின்னிக்கொண்டேன். ஒன்று மேலே, ஒன்று கீழே. அப்படியே பள்ளிக்கூடம் போனேன். அப்படியே திரும்பி வந்தேன்.

யாரும் பார்க்கவில்லை.

அறைக் கதவுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. இரவில் அதில் நீலம் தெரியும். கண்ணை மூடும் முன் அம்மா அதைப் பார்ப்பாள். நடுவில் விழித்தாலும் அதைத்தான் பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

வெளியே அந்த விளக்கின் சுவிட்ச் இருந்த போர்டிலேயே, அறைக்குள் இருக்கும் ஜீரோ வாட்ஸ் பல்பின் சுவிட்சும் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்த காலத்துப் பல்பு.

அதுவும் நீலம்தான்.

அன்று எனக்குத் தலைவலி. மண்டை பிளந்தது.

"அம்மா, தல வலிக்குதும்மா."

"தைலம் அலமாரில இருக்கு பாரு. நான் இப்பதான் குளிச்சேன், தொட்டுறாத."

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

இரவு, அம்மா பாயை விரிக்கும் முன், ஒரு சுவிட்சை அணைத்தேன். இன்னொன்றைப் போட்டேன்.

கண்ணாடியில் நீலம்.

அம்மா பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தூங்கினாள்.

அவள் கும்பிடுவது வெறும் ஜீரோ வாட்ஸ் பல்பு. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் ஒரு சுகம் இருந்தது. சொல்லவே கூசுகிறது. ஆனால் இருந்தது. விடிவதற்குள் மாற்றிவிட்டேன்.

மறுநாளும்.

அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள் காலையில் மிதுனாவுக்குத் தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது.

ஆட்டோவில் நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் அவள் பல் கிடுகிடுக்கும் சத்தம். யாராவது கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில்தான் டாக்டர் கேட்டார்.

"வீட்ல அந்த லைட் ராத்திரி பூரா எரிஞ்சுதாம்மா?"

"எரிஞ்சுது மேடம். நான் பாத்துட்டுத்தான் கண்ணே மூடுவேன்," என்றாள் அம்மா. "ஒரே ஒரு நாள், அவ அழுதான்னு குளிக்காம உள்ள போயிட்டேன். நாந்தான் மேடம். நாந்தான் எம்புள்ளைக்கு ஒட்ட வச்சிட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டாள். நர்ஸ் அந்தக் கையைப் பிடித்தாள்.

  

"யாரையும் குத்தம் சொல்லலம்மா," என்றார் டாக்டர். "லைட் எரியாம காய்ச்சல் வந்திருந்தா, லைட்டச் சரி பண்ணிட்டு, காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு அனுப்பிரலாம். எரிஞ்சும் வந்திருக்குன்னா இனிமே வீடு வேணாம். ரெண்டு மாசம் இங்கயே இருக்கட்டும்."

மிதுனா கண்ணைத் திறந்தாள்.

போன தடவை இங்கே இருந்தபோது, அவள் ஊசிக்கு அழுததில்லை. 'எப்ப வீட்டுக்கு' என்று மட்டும்தான் அழுதாள்.

டாக்டர் குனிந்தார்.

"நீ சொல்லு குட்டி. லைட் எரிஞ்சுதா?"

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் வெளியே இருந்து பார்த்தது ஒரு சாண் கண்ணாடியை. அவள் அந்த விளக்குக்கு நேர் கீழே, இருபது நாளாக மல்லாந்து படுத்துக் கிடந்தவள். எந்த நீலம் எது என்று அவளுக்குத் தெரியாதா?

மூன்று இரவும் தெரிந்திருக்கிறது.

"எரிஞ்சுது," என்றாள். "எல்லா நாளும்."

அம்மா அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என் தங்கம்," என்றாள்.

இரண்டு மாதம் என்று எழுத டாக்டர் பேனாவைத் திறந்தார்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும்.

அறை அவளுக்கு. அம்மா அவளுக்கு. எல்லார் கண்ணீரும் அவளுக்கு.

இப்போது என்னைக் காப்பாற்றும் பெருமையும் அவளுக்கா?

"மேடம்," என்றேன். "அவ பொய் சொல்றா."