மச்சானின் கோட்டு

கோட்டும் டையுமாக அவர் கிடங்கின் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும், சிரித்துக்கொண்டிருந்த நான்கு தொழிலாளிகளும் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவர் சீட்டுக்கட்டை மடியில் ஒளித்தார்.

"இங்க உக்காரலாமா?"

"உக்காருங்க சார்!" பெஞ்சையே காலி செய்துவிட்டுத் தட்டோடு சுவரோரம் போய் நின்றார்கள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எதையாவது மிதித்துவிட்டோமோ என்று செருப்பைத் திருப்பிப் பார்த்தார்.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "ஏன்யா, மூட்டை தூக்க வந்தவன் மாப்பிள்ளைக் கோலத்துல வந்திருக்க?"

"மொத நாள், நல்லா போட்டுட்டுப் போங்கன்னு மச்சான் குடுத்தாருங்க."

"அடப்பாவி! பெரிய ஆபீசர்னு நெனச்சு, வாயில இருந்ததக்கூட முழுங்காம நின்னோமேடா!" சீட்டுக்கட்டுக்காரர் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "தள்ளி உக்காரு!"

முதுகு எரிந்தது. வேலையில் சேர்ந்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.