முடித்துவைத்த புகார்

"அந்த மாடி வீட்டுப் புகாரை இன்னும் முடிக்கலையா?" குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தின் மேலதிகாரி, உள்ளே வந்த பெண் அலுவலரை உட்காரக்கூட விடவில்லை.

"ரெண்டு தடவை போனேன் சார். ரெண்டு தடவையும் கதவுல பூட்டு தொங்குது. இன்னொரு தடவை போய்ப் பார்த்துட்டு..." என்றாள் வீடு வீடாக விசாரணைக்குப் போய்வரும் அந்த அலுவலர்.

"இன்னொரு தடவையா? பூட்டு தொங்கினா ஆள் இல்லை. ஆள் இல்லைன்னா புகார் முடிஞ்சுது. இங்க எப்பவும் அதானே வழக்கம்? நாளைக்கு மேலிடத்துக் கூட்டத்துல நிலுவைன்னு சொன்னா, உருளப்போறது என் தலைம்மா."

"குழந்தையைக் கொடுமைப்படுத்துறாங்கன்னு வந்த புகார் சார். மனசு கேட்கலை."

"மனசையெல்லாம் வீட்டுல கழட்டி வச்சிட்டு வா. முதல்ல முடி."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையே வேண்டாமென்று ஓடிப்போனவர்களின் வேலையும் அவள் தலையில்தான். ஒரு வீட்டுக் கதவைத் தட்டும்போதே, 'அடுத்த வீட்டுக்கு ஏன் இன்னும் போகலை?' என்று கைப்பேசியில் கத்துகிற மனிதர் இவர். நேற்று அந்த மாடி வீட்டிலும் அதே கதைதான். ஒரு கையால் கதவைத் தட்டினாள், காதில் இவருடைய கூச்சல். என்ன பிழைப்பு இது!

பல்லைக் கடித்துக்கொண்டு புகாரை முடித்துவைத்தாள். மேலதிகாரியின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு பெண் விடுவிடுவென்று உள்ளே வந்தாள். புகார் சொன்ன பக்கத்து வீட்டுக்காரி.

"ஏம்மா, கதவைத் தட்டிட்டு அப்படியே போயிட்டீங்களாமே?"

"வீடு பூட்டியிருந்துச்சுங்க. சுவரையா விசாரிக்க முடியும்?" மேலதிகாரி முந்திக்கொண்டார். "அந்தப் புகார் முடிஞ்சுபோச்சு."

"முடிஞ்சுபோச்சா? போன்ல நான் சொன்னதை முழுசாக் கேட்டீங்களா? அடுத்த போன் வருதுன்னு பாதியிலேயே வச்சிட்டாங்களே! அந்தப் பூட்டைப் பத்தித்தான்யா நான் புகாரே சொன்னேன். புள்ளையை உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க!"

வந்தவள் அலுவலரின் பக்கம் திரும்பினாள்.

"நேத்து நீங்க தட்டினப்போ, அந்தப் புள்ளையும் உள்ளேயிருந்து தட்டியிருக்காம்மா. 'அந்த அக்கா ஏன் போயிட்டாங்க?'ன்னு ஜன்னல் வழியா என்னையே கேட்டுக்கிட்டு இருக்கா."