உடனிருப்பவர்

மகன், துபாய்.

பக்கத்து வீட்டு அக்கா.

கர்த்தர்.

யாருமில்லை.

மருத்துவமனைப் பதிவறையில் அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். வீடு திரும்பிய நோயாளிகளின் பதிவில் "வீட்டில் உடனிருப்பவர்" என்ற கட்டத்தில் எழுதியிருந்தவை.

கணினிக்கு இவை புரியாது. ஒவ்வொன்றையும் மருத்துவப் பட்டியலில் உள்ள ஒரு சொல்லோடு, அதன் எண்ணோடு அவள்தான் பொருத்த வேண்டும். ‘தனியாக வசிப்பவர்’ என்று விழுந்தால், மூன்றாம் நாள் செவிலியர் போனில் விசாரிப்பார். மருத்துவர்கள் வகுத்த புது விதி.

துபாய் மகன் என்றால், தனி.

கர்த்தர் என்றால்?

கொஞ்சம் யோசித்துவிட்டு, தனி என்றே போட்டாள்.

அடுத்தவர் சுடலையாண்டி. எழுபத்தொரு வயது. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. முந்தாநாள்தான் வீடு போயிருக்கிறார்.

உடனிருப்பவர்: மனைவி.

தனியில்லை. அத்தோடு அடுத்த பதிவுக்குப் போயிருக்கலாம். ஆனால் கீழே வார்டு செவிலியர் ஒரு வரி எழுதியிருந்தார். பத்து நாளும் பார்க்க யாரும் வரவில்லை.

பதினோரு வருட வேலையில் அவள் ஒரு நோயாளியோடும் பேசியதில்லை. போனை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியிலருந்து பேசுறேன். உங்க வீட்டம்மாகிட்ட குடுங்க."

"அவ எங்க தாயி பேசுவா? வாதம் வந்து படுத்து ஆறு வருஷம் ஆச்சு."

"அப்ப அவங்களை யாரு பாத்துக்கிடுதா?"

"நான்தான். ஆஸ்பத்திரியில கெடந்தப்போ பக்கத்து வீட்டுப் பிள்ள பாத்துக்கிட்டா. அவ பிரசவத்துக்குப் போயிட்டா."

"நீங்க பாரம் தூக்கக் கூடாதுன்னு சொன்னாங்கள்ல?"

"அவ பாரமா தாயி?"

அவள் போனை வைத்துவிட்டு எழுந்தாள்.

வீடுகளுக்குப் போகும் செவிலியரிடம் தானே நடந்து போய்ச் சொன்னாள். ஆம்புலன்ஸ் கிளம்பியது. மதியத்துக்குள் இருவரையும் அழைத்து வந்துவிட்டார்கள்.

"அவருக்குத் தையல் ரெண்டு எடத்துல பிரிஞ்சிருக்கு. வேட்டியெல்லாம் ரத்தம்," என்றார் செவிலியர். "அந்தம்மா முதுகுல ஒரு புண்ணுகூட இல்ல மேடம். பவுடர் போட்டு வச்சிருக்காரு."

அன்று அவள் விதியில் ஒரு கேள்வி சேர்த்தாள். உடனிருப்பவர் தானாக எழுந்து நடப்பாரா? இல்லை என்றால், அதற்கும் போன் போக வேண்டும். மருத்துவர்கள் மறுநாளே ஒப்புக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் மாடியேறி வார்டுக்குப் போனாள். இரண்டு கட்டில்களையும் ஒட்டிப் போட்டிருந்தார்கள். அவருடைய கை மனைவியின் போர்வைமேல் இருந்தது.

"போன்ல பேசின பிள்ளையா?"

குரலை வைத்தே கண்டுகொண்டார்.

"சாப்பிட்டியா?"

"இனிமேதான்."

"நேரம் என்ன ஆச்சு. வீட்டுல ஏசமாட்டாவளா? யாரெல்லாம் இருக்காவ?"

"எல்லாரும் இருக்காங்க," என்றாள். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, மனைவியின் பக்கமாக மெல்ல நகர்ந்தார்.

கட்டிலின் ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது.