கடைசி வீடு

அது பதினான்காம் மாடியா, பதினைந்தா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. கட்டடத்தில் மிச்சமிருந்த கடைசி வீடு அதுதான் என்று விற்பனை மேலாளர் சொன்னது மட்டும் நிச்சயம்.

எதிரே ஒரு ஹோட்டல் எழும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலடியில் மிஷினைப் போட்டால் எவ்வளவு வெளிச்சம் என்று நினைத்தபடி நின்றாள் தையல்காரி. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“இன்னிக்குக் கோட்டை விட்டா நம்ம பாடு திண்டாட்டம்தான்,” என்று கணவன் கிசுகிசுத்தான்.

அதற்குள் இன்னொரு தம்பதி வீடு பார்க்க வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடி போட்ட அந்த அம்மாள் நேராகப் போய்ச் சமையலறைக் குழாயைத் திருகினாள்.

“அக்கா, இது எங்களுக்குப் பிடிச்ச வீடு,” என்றாள் தையல்காரி.

“பிடிச்சா போதுமா? நாங்க நாளைக்கே பணம் கட்டுறோம்.”

“நாங்க இன்னிக்கே கட்டுறோம்!”

மேலாளர் பூரித்துப்போய், மூக்குக்கண்ணாடி அம்மாளிடம் பேனாவை நீட்டினார். “முந்திக்கோங்கம்மா. விட்டா அவங்க கொத்திக்கிட்டுப் போயிடுவாங்க.”

அவள் பேனாவை வாங்கவில்லை.

“அவங்களே எடுத்துக்கட்டும் சார்,” என்றாள் கடைசியில்.

மேலாளர் பொறுமையிழந்து உளறிவிட்டார். “அவங்க எங்கம்மா எடுப்பாங்க? உங்களை அவசரப்படுத்த நான் கூலிக்குக் கூட்டிட்டு வந்த ஆளுங்க!”

“அடக் கடவுளே! எங்களையும் உங்க முதலாளி அதுக்குத்தானே அனுப்பினாரு!” என்றாள் மூக்குக்கண்ணாடி அம்மாள்.

தையல்காரி மட்டும் திரும்பி, ஜன்னலடியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

பிறகு மேலாளர் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டார். எதிர் ஹோட்டல் திறந்ததும் மூக்குக்கண்ணாடி அம்மாளும் கணவரும் அங்கே துணி வெளுக்கும் வேலையில் சேர்ந்தார்கள். அந்த வீடு இன்னும் கடைசி வீடாகவே இருக்கிறது. தையல்காரியின் மிஷின், வாடகை அறையில் சுவரைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருக்கிறது.