மேற்படியாரின் இரண்டாவது பட்டம்

"இருங்க, முதல்ல யார் யார் வந்திருக்கீங்கன்னு எழுதிக்கிறேன்."

மேற்படியார் பேனா மூடியைக் கழற்றினார். அலுவலகத்தில் கடிதப் பிரிவு அவருடையது. இருபத்திரண்டு வருடமாக 'மேற்படி' என்ற சொல் இல்லாமல் அவர் ஒரு கடிதமும் எழுதியதில்லை. கடைசியில் அதுவே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

வருகை: ஜன்னலோர நாற்காலியில் அவர். சோபாவின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு மைத்துனன். மிச்சம் இருந்த கால்வாசியில், கல்லூரியில் படிக்கும் மகள். சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு, துவைத்த துணியை மடித்தபடி மனைவி.

"இருக்கிறது நாலே பேர். இதுக்கு அட்டெண்டன்ஸாப்பா?" என்றாள் மகள்.

"எதையும் முறையா செய்யணும்மா. பொருள்: ரெண்டாவது பட்டம் படிக்கலாமா, வேண்டாமா."

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் விஷயம் சிரிப்பில்லை. கடிதம் எழுத அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வந்துவிட்டது. மேற்படியார் அரை நாள் யோசித்து எழுதும் கடிதத்தை, அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்குள் அது எழுதிவிடுகிறது. போதாக்குறைக்கு 'மேற்படி'யையும் சரியான இடத்தில் போடுகிறது. ஆறு மாதத்தில் பிரிவை மூடப்போவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். நாற்பத்தெட்டு வயதில் வெளியே போய் நின்றால் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

"அதான் கையில இன்னொரு பட்டம் இருக்கட்டும்ங்கறேன். ஒத்தைக் கால்ல எத்தனை நாளைக்கு நிப்பீங்க?" என்றாள் மனைவி.

"மாமா, பேசாம சட்டம் படிங்க." மைத்துனனிடம் மூன்று பட்டங்கள் இருந்தன. வேலைதான் இன்னும் அமையவில்லை.

"சட்டமா மாப்ளே? இருபத்தோரு வருஷமா உங்க அக்காகிட்ட ஒரு கேஸ் ஜெயிச்சதில்ல. கோர்ட்டுக்குப் போய் என்னத்தைக் கிழிக்கப்போறேன்?"

"அப்போ எம்.பி.ஏ.?" இது மகள்.

"அது நாலு பேரை மேய்க்கிற படிப்பு. இந்த வீட்டுல டிவி ரிமோட்டே என் கைக்கு வந்ததில்ல."

"நூலகப் படிப்பு இருக்கே மாமா?"

"மூணாவது பக்கத்துல குறட்டை விடறவன் நான். 'சத்தம் போடாதீர்'னு போர்டை எழுதி என் கழுத்துலயே மாட்டிக்கணும்."

மூவரும் சிரித்தார்கள். தன்னைத் தானே கேலி செய்துகொள்வது மேற்படியாருக்குக் கைவந்த கலை. ஊரார் அடிப்பதற்கு முன் நாமே தட்டிக்கொண்டால் வலி பாதி என்பது அவர் கணக்கு. ஆனால் இன்று, ஃபேன் ஓடியும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று முனகிய மனைவி, தம்பி பக்கம் திரும்பினாள். "எந்தப் படிப்பா இருந்தா என்னடா? தபால்ல படிக்க விண்ணப்பம் வாங்கிட்டு வந்தியே, அதோட என்னென்ன வைக்கணும்?"

அவன் வாசித்தான். "ரெண்டு போட்டோ. வயசுச் சான்று. முதல் பட்டத்தோட நகல்."

"அது பீரோவுல இருக்குமில்ல?" என்று ஒரு சட்டைக் காலரை நீவிக்கொண்டே கேட்டாள் மனைவி.

"இருக்கும்... இருக்கும். வீடு மாத்தினப்போ எங்க வச்சோமோ. பூச்சிகீச்சி அரிச்சிருந்தாலும்..."

"அப்போ அந்தப் பூச்சி இந்நேரம் பி.காம். ஆயிருக்கும்ப்பா," என்றாள் மகள்.

மேற்படியார் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு எழுந்தார். "நானே ரூம்ல உட்கார்ந்து நிதானமா எழுதி இன்னைக்கே அனுப்பிடறேன். கூட்டம் கலையலாம்."

கதவைச் சாத்திக்கொண்டார். விண்ணப்பத்தில் பெயருக்குக் கீழே பேனா நகரவில்லை. அதை ஓரமாகத் தள்ளினார். மேஜைமேல் நான்கு நாளாக மடித்தபடி கிடக்கும் செய்தித்தாளை எடுத்து, அதிலிருந்த ஒரு சின்ன அறிவிப்பை எத்தனையாவது முறையாகவோ படித்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் மளமளவென்று எழுதினார். உறையில் போட்டு, முகவரி எழுதி, பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தபோது மனைவி உள்ளே வந்தாள்.

அவர் முகவரியைக் கையால் மறைத்தார். ஆனால் அவள் அதற்குள் படித்துவிட்டாள். 'தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு.'

மேற்படியாருக்கு அன்று முதல்முறையாக வேடிக்கையாக ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

"நம்ம கல்யாணப் பத்திரிகையில என் பேருக்குப் பக்கத்துல பி.காம்.னு போட்டிருந்துதே... அதுல..."

"ஒரு பேப்பர் பாக்கி. காஸ்டிங் கணக்கு. முப்பத்தோரு மார்க்கு."

அவர் ஆரம்பித்ததை மனைவியே முடித்துவைத்தாள்.

"பொண்ணு கொடுக்கிறவங்க காலேஜ்ல விசாரிக்காமலா கொடுப்பாங்க? 'ஒரு பேப்பர்தானே, எழுதிடுவாரு'ன்னாரு அப்பா. நீங்களா சொல்வீங்கன்னு நானும் இத்தனை வருஷம் வாயைத் திறக்கல. பாக்கி வச்ச பழைய ஆளுங்க பரீட்சை எழுத இதுதான் கடைசி வாய்ப்புன்னு பேப்பர்ல பார்த்ததும், மடிச்சு உங்க மேஜையில வச்சேன். நாலு நாளா நீங்க அசையல. ரெண்டாவது பட்டத்துக்குக் கூட்டம் போட்டாத்தானே முதல் பட்டத்தை எழுதுவீங்க?"

மேற்படியார் உறையை இன்னொரு முறை அழுத்தி ஒட்டினார். கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சரி, அதுங்க ரெண்டுக்கும் மட்டும் தெரிய வேண்டாம்."

கதவு திறந்தது. ஹெல்மெட்டோடு வந்த மகள், உறையை அவர் கையிலிருந்து உருவி, முகவரியைப் பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினாள்: "தேர்வுப் பிரிவுக்குத்தானேப்பா? பன்னிரண்டு மணித் தபாலுக்குன்னு மாமா அப்பவே வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டாரு."