தானே ஒட்டும் ரப்பர்

"ரப்பர் ஆராய்ச்சியா? அதுக்கு ஒரு பஞ்சர் கடை போதுமே, கண்ணு!"

மலையூரான தேவனூர் நாட்டிலிருந்து செம்மேட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா கண்ணாயி உதட்டைச் சுழித்தாள்.

"உடம்புக்குள்ள வைக்கிற ரப்பருங்க அத்தை. கிழிஞ்சா தானா ஒட்டிக்கும்," என்றாள் யமுனா.

"அதெல்லாம் சீக்காளிங்களுக்கு. எங்க ஊட்டுல அந்தக் கேடு யாருக்கும் இல்ல. கல்யாணத்துக்கப்புறம் இந்த வேலை வேண்டாம்."

யமுனாவின் அப்பா தலைகுனிந்தார்.

மாப்பிள்ளை இளங்கோ சட்டையின் மேல் பித்தான்களைக் கழற்றினான். இடது நெஞ்சில் தழும்பு.

"பேஸ்மேக்கருங்க. அதோட வயர் மேல இருக்கிற ரப்பர் உறை கிழிஞ்சு, ரெண்டாவது தடவையும் ஆபரேஷன் பண்ணிட்டாங்க. சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க."

கண்ணாயி அவசரமாக அவன் சட்டையை இழுத்து மூடப் பார்த்தாள்.

இளங்கோ அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"கல்யாணப் பேச்சு கிடக்கட்டுங்க," என்றான் யமுனாவிடம். "உங்க ரப்பர் எப்பங்க வரும்?"