பதினேழாவது மேற்கோள்

ஆய்வுச் சுருக்கத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டுப் பேராசிரியர் தலையாட்டினார். எதிரே நின்ற மாணவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்து மேற்கோள் பட்டியல். மொத்தம் முப்பது. பதினெட்டாவதாக இருந்தது அவருடைய ஆய்வேடு. ஐஸ் வைப்பதற்காகவே அவள் சேர்த்தது. ஆனால் அவர் விரல் அதற்கு ஒரு வரி மேலேயே நின்றுவிட்டது.

“இந்தப் பதினேழாவது கட்டுரையைப் படிச்சியாம்மா?”

“வரிவரியா படிச்சேன் சார்.”

“எங்கே கிடைச்சுது?”

“நம்ம லைப்ரரியிலதான் சார். பழைய இதழ், அட்டைகூட இல்ல.”

“எப்படி இருந்துச்சு?”

“ரொம்ப ஆழமான கட்டுரை சார். எல்லாரும் இதைத்தான் மேற்கோள் காட்டறாங்க.”

அது மட்டும் உண்மை. பத்துப் பேர் பட்டியலில் பார்த்துத்தான் அவளும் எழுதியிருந்தாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்படி ஒரு கட்டுரையே கிடையாதும்மா.”

அவளுக்கு முகம் வெளிறியது. “பத்துப் பேர் போட்டிருக்காங்களே சார்!”

“எவனோ ஒரு மாணவன் பண்ணின வேலை. முப்பது மேற்கோள் இருந்தாதான் கையெழுத்துன்னு அவனோட கைடு ஒத்தக்கால்ல நின்னார். இவன்கிட்ட இருந்தது இருபத்தொன்பது. தலைப்பு, ஆசிரியர், பக்க எண் எல்லாத்தையும் இட்டுக்கட்டி எழுதிட்டான். அதைப் பார்த்து ஒருத்தர், அவரைப் பார்த்து இன்னொருத்தர்...”

“அடிச்சிடட்டுமா சார்?”

“அடிச்சிடு.” சிவப்புப் பேனாவை அவரே நீட்டினார். “அப்படியே பதினெட்டாவதையும் அடிச்சிடு.”

“சார், அது உங்க ஆய்வேடாச்சே!”

“அதுலேருந்துதாம்மா இது கிளம்புச்சு.”